ஊரெல்லாம் சரோஜா

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் எண்பது தாண்டிய பாட்டிமார் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கும் திண்ணையைப் பார்த்து “சரோஜாக்கா” என்று ஒரு குரல் விட்டுப் பாருங்கள். ஒருத்தராவது திரும்புவார். எங்கள் அம்மாவைப் பெற்ற அம்முச்சி பெயரும் சரோஜாதான். அவருக்கு மூத்தவர்கள் அங்காத்தாள், பழனியம்மாள், வள்ளியம்மாள் என்று ஏதாவது ஒரு கோயிலிலிருந்து பெயர் வாங்கியவர்கள். கடைசியாகப் பிறந்தவருக்கு மட்டும் சம்பந்தா சம்பந்தமில்லாமல் சரோஜா.

எப்படி என்று கேட்டால், பல தடவை சொல்லிப் பழகிய ஒரு பதிலை எடுத்து விடுவார். “எங்கப்பன் கோயமுத்தூருக்குப் பருத்தி மூட்டை கொண்டு போனவரு, படம் பார்த்துப் போட்டு வந்தாரு கண்ணு. அதுல ஒரு கொழந்தை வருமாமா. ஊட்டுக்கு வந்தா நான் பொறந்து கெடக்கறேன். அப்பறம் பேரு வேற தேடோணுமா?”

தான் யார் பெயரைச் சுமக்கிறோம் என்பது அம்முச்சிக்கு அவ்வளவுதான் தெரியும். அந்தப் படத்தை அவர் பார்த்ததில்லை. அந்தக் குழந்தையைப் பற்றி நான் படித்துச் சேர்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

மூணே படம்

பேபி சரோஜா. பிறந்தது 1931. முதல் படம் ‘பாலயோகினி’, 1937. இயக்கியவர் கே. சுப்ரமண்யம். சரோஜா அவருடைய உடன்பிறந்தவரான விசுவநாதனின் மகள். அம்மா அலமேலு விசுவநாதன் இசை தெரிந்தவர். ஆக, வாய்ப்புத் தேடி ஸ்டுடியோ வாசலில் நின்ற குழந்தை இல்லை. பெரியப்பா, சித்தப்பா, அம்மா எல்லோரும் பாட்டும் படமுமாகப் புழங்கிய வீட்டுக் குழந்தை. இது முக்கியம், பின்னால் வருகிறேன்.

சுப்ரமண்யம் பாபநாசத்துக்காரர், வக்கீலுக்குப் படித்தவர். 1934-இல் ‘பவளக்கொடி’ எடுத்து தியாகராஜ பாகவதரையும் எஸ்.டி. சுப்புலட்சுமியையும் திரைக்குக் கொண்டுவந்தவர். புராணப் படம் எடுத்தால் கல்லா நிறையும் என்று தெரிந்த மனிதர், அந்த வசதியை விட்டுவிட்டுச் சாதியையும் விதவைக் கொடுமையையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். ‘பாலயோகினி’யில் சொந்த ஜனங்களால் துரத்தப்பட்டவர்கள் தாழ்த்தப்பட்ட சாதி வேலைக்காரன் ஒருவன் வீட்டில் அடைக்கலம் புகுகிறார்கள். ஊர் கொதிக்கிறது. பெரியவர்களை நேருக்கு நேர் நிறுத்தி நியாயம் கேட்பது, அந்தக் குழந்தை. விதவை வேடத்துக்கு நிஜமாகவே விதவையான ஒரு பிராமணப் பெண்ணை நடிக்கவைத்தார் சுப்ரமண்யம். தஞ்சாவூர்ப் பக்கத்து வைதீகர்கள் கொதித்துப்போய் அவரைச் சாதியை விட்டே தள்ளி வைத்தார்கள்.

நம் பக்கத்து ஆள்களுக்கு இந்தக் கதை எப்படி உறைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1924-இல்தான் கல்பாத்தி அக்கிரகாரத் தெருவில் ஈழவர்கள் நடக்கலாமா கூடாதா என்று தேர்த் திருவிழாவை ஒட்டிப் பெரிய கலாட்டா ஆனது. 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனம் செய்தார். இன்றைய இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் பீர்மேடும் தேவிகுளமும் அப்போது திருவிதாங்கூர். எங்கள் சித்தூர் கொச்சி ராஜ்ஜியம். பாலக்காடோ பிரிட்டிஷ் மலபார், மதராஸ் மாகாணத்தின் ஒரு மூலை. இந்த மூன்றில் ஒன்றில் மட்டும் கோயில் கதவு திறந்து மூன்றே மாதத்தில், 1937 பிப்ரவரியில், ‘பாலயோகினி’ வெளியாகிறது. மற்ற இரண்டிலும் கதவு திறக்கக் கிட்டத்தட்ட இன்னும் பத்து வருஷம் ஆனது. பருத்தி மூட்டையோடு போன அம்முச்சியின் அப்பா என்ன சாதி அரசியல் பேசினாரோ போகட்டும், பெரிய மனுஷர்களைக் கேள்வி கேட்ட குழந்தையின் பெயரைத் தன் பெண்ணுக்கு வைத்திருக்கிறார்.

அவர் ஒருத்தர் மட்டும் வைக்கவில்லை. அந்த வருஷங்களில் தமிழ்நாடு முழுக்கப் பெண் குழந்தைகளுக்குச் சரோஜா என்று பெயர் வைப்பது ஒரு மோஸ்தராகவே ஆனது. ‘இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்’ என்று பத்திரிகைகள் எழுதின. நிஜ ஷெர்லி டெம்பிள் அப்போது ஹாலிவுட்டில் உச்சத்தில் இருந்தார். 1935 முதல் 1938 வரை அமெரிக்காவில் டிக்கெட் வசூலில் முதலிடம் அவருக்குத்தான், பெரிய கதாநாயகர்களெல்லாம் அவருக்குப் பின்னால்.

இரண்டாவது படம் ‘தியாகபூமி’, 1939. கதை கல்கி. படம் எடுக்கும்போதே ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஓவியம் போடுகிற இடத்தில் படத்தின் ஸ்டில்களைப் போட்டார்கள். படம் ஓடாத ஊர்களில்கூட விகடன் போகும் வீடுகளில் சரோஜாவின் முகம் தெரிந்திருந்தது. புருஷன் வீட்டால் விரட்டப்பட்ட சாவித்திரி, பெற்ற குழந்தையைத் தூங்கிக்கொண்டிருக்கும் சம்பு சாஸ்திரியின் பக்கத்தில் விட்டுவிட்டுப் போகிறாள். சம்பு சாஸ்திரி அவளுடைய சொந்த அப்பா. யாருடைய குழந்தை என்று தெரியாமல் தன் பேத்தியையே அவர் சாரு என்று பெயரிட்டு வளர்க்கிறார். சாஸ்திரியாக பாபநாசம் சிவன், சாவித்திரியாக எஸ்.டி. சுப்புலட்சுமி, சாருவாக சரோஜா. காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா செய்தபிறகு பிரிட்டிஷ் அரசு படத்தைத் தடை செய்தது. தடை வருவது தெரிந்ததும் மதராஸ் கெயிட்டி தியேட்டரில் டிக்கெட் இல்லாமல் தொடர்ந்து ஓட்டினார்கள். கூட்டம் அள்ளியது, போலீஸ் தடியடி நடத்தியது.

மூன்றாவது, ‘காமதேனு’, 1941. அதோடு முடிந்தது. சரோஜாவுக்கு அப்போது பத்து வயது.

வாயை மூடிக்கொண்ட டைரக்டர்

குழந்தைகள் சினிமாவில் நடிப்பது பேசும் படத்தோடு வந்த விஷயம் இல்லை. மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ மௌனப் படம். அதை எடுத்த ஜே.சி. டேனியல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர். தலைப்பிலேயே காணாமல் போன குழந்தை இருக்கிறது. அந்தக் குழந்தையாக டேனியல் தன் மகனையே நடிக்கவைத்தார்.

மௌனப் படத்தில் குழந்தையை நடிக்கவைப்பது அத்தனை கஷ்டமில்லை. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே டைரக்டர் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருக்கலாம். ‘இங்கே பாரு கண்ணு, அந்தப் பக்கம் ஓடு, இப்போ அழு, சபாஷ்.’ குழந்தைக்குக் கதை தெரிய வேண்டியதில்லை. மிட்டாயைக் காட்டிச் சிரிக்க வைக்கலாம், பிடுங்கி அழ வைக்கலாம்.

1931-இல் மைக் வந்தது. டைரக்டர் வாயை மூட வேண்டியதாயிற்று. வெளியே காக்கை கத்தினால்கூட டேக் போச்சு. அன்றைய மதராஸ் ஸ்டுடியோக்களில் சத்தம் தடுக்கும் சுவரெல்லாம் கிடையாது. வெயில் வெளிச்சத்தில்தான் படப்பிடிப்பு. காக்கை விரட்டுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள். மதராஸிலேயே எடுத்த முதல் பேசும் படம் 1934-இல் ஏ. நாராயணனின் ‘சீனிவாச கல்யாணம்’. அதுவரை தமிழ்ப் படத்துக்கு பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயில் ஏற வேண்டும்.

பின்னணிக் குரல் என்ற ஏற்பாடு அப்போது இல்லை. யார் முகம் திரையில் தெரிகிறதோ அவரே, அந்த இடத்திலேயே, அந்த நிமிஷத்திலேயே பாட வேண்டும். ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் கேமராவுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள். பாட்டின் கடைசி வரியில் சுருதி விலகினால் முதலில் இருந்து. ஃபிலிம் சுருள் கடல் தாண்டி வருகிற சரக்கு, அடி அடியாகக் காசு. இதில் ஐந்து வயதுக் குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தி, பக்கம் பக்கமாக வசனத்தை நெட்டுருப் போடவைத்து, தாளம் தப்பாமல் பாடவைத்து, மைக்கை விட்டு நகராமல் நடிக்கவும் வைக்க வேண்டும்.

அப்படிப்பட்ட குழந்தை இரண்டே இடத்தில்தான் கிடைக்கும். ஒன்று, விடிந்தால் சங்கீதம் கேட்கிற வீடு. சரோஜா வந்தது அங்கிருந்து. இரண்டாவது, பாய்ஸ் கம்பெனி.

படங்களுக்கோ குழந்தைகள் ஏகப்பட்ட பேர் தேவைப்பட்டார்கள். நம் புராணங்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பிரகலாதன், துருவன், மார்க்கண்டேயன், லோகிதாசன், லவன், குசன், எல்லாவற்றுக்கும் மேலே பாலகிருஷ்ணன். பிரகலாதனை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். தெலுங்கின் முதல் பேசும் படம் 1932-இல் வந்த ‘பக்த பிரகலாதா’. அதில் ஒன்பது வயது மாஸ்டர் கிருஷ்ணாராவ். தமிழில் 1939-இல் ‘பிரகலாதா’வில் டி.ஆர். மகாலிங்கம். அதே படத்தில் இந்திரனாகச் சின்ன வேடத்தில் வந்து போனவர் எம்.ஜி.ஆர். மலையாளத்தில் 1941-இல் ‘பிரகலாதா’. இயக்கியவர் நம் கே. சுப்ரமண்யமேதான். பையன் வேடத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது குமாரி லட்சுமி என்ற பெண்ணை. இரணியனாக குரு கோபிநாத். ஒரே கதை, பத்து வருஷத்துக்குள் மூன்று மொழி, மூன்று பிள்ளைகள். தெலுங்கில் சி. புல்லையா இன்னும் ஒரு படி மேலே போய் 1936-இல் ‘சதி அனசூயா’, ‘துருவ விஜயம்’ இரண்டையும் முழுக்கக் குழந்தைகளை வைத்தே எடுத்து முடித்தார்.

மகரக்கட்டு

பாய்ஸ் கம்பெனி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்களை வைத்தே முழு நாடகமும் போடுகிற குழு. ராஜாவும் பையன், ராணியும் பையன். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்று இன்னொன்று. வடவன்னூர் சத்தியபாமா அம்மாளின் இரண்டு பிள்ளைகள் சேர்ந்தது அதில்.

வடவன்னூர் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். எம்.ஜி.ஆரின் அம்மா வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. கண்டியில் வேலை பார்த்த அப்பா கோபால மேனன் இறந்தபிறகு அந்தக் குடும்பம் கும்பகோணத்துக்கு வந்தது. அடுப்பெரிய வழியில்லாமல்தான் சக்கரபாணியும் ராமச்சந்திரனும் கம்பெனியில் சேர்க்கப்பட்டார்கள். நடிப்பு ஆசை எல்லாம் அப்புறம் வந்தது, முதலில் சோறு. பெற்றவர்கள் இத்தனை வருஷத்துக்கு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பிள்ளை பாதியில் ஓடிவந்தால் தேடிப் பிடித்துக் கொண்டுபோவார்கள். விடியற்காலையில் பாட்டு, மத்தியானம் வசனம், ராத்திரி நாடகம். தப்பினால் பிரம்பு.

இவ்வளவையும் தாங்கி ராஜபார்ட் ஆனவனுக்கும் ஒரு நாள் வரும். தொண்டை கட்டும். பாதிப் பாட்டில் குரல் இரண்டாகப் பிளக்கும். நாடகக்காரர்கள் இதற்கு மகரக்கட்டு என்பார்கள். பி.யு. சின்னப்பா மதுரைக் கம்பெனியில் கொடிகட்டிப் பறந்தவர். மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் அவருடைய இடம் போனது. ஊருக்குத் திரும்பி கம்பு, குஸ்தி, பளு தூக்குவது என்று கிடந்தார். 1940-இல் ‘உத்தமபுத்திரன்’ வந்தபிறகுதான் ஊர் அவரை மறுபடி தலையில் தூக்கி வைத்தது.

சோழவந்தான் பக்கத்து டி.ஆர். மகாலிங்கமும் நாடகத்திலிருந்து வந்தவர்தான். 1938-இல் மெய்யப்பச் செட்டியாரின் ‘நந்தகுமார்’ படத்தில் பையன் கிருஷ்ணன். அந்தப் படத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. அதில் நடித்த ஒரு பெண்ணின் குரல் சரியாக அமையவில்லை என்று லலிதா வெங்கட்ராமன் என்பவரைப் பாடவைத்துச் சேர்த்தார்கள். தமிழில் பின்னணிப் பாட்டு அப்படித்தான் தொடங்கியது. மகாலிங்கம் தன் சொந்தக் குரலில் பாடிக்கொண்டிருந்த அதே படத்திலேயே, சொந்தக் குரலே தேவையில்லை என்ற ஏற்பாடும் உள்ளே நுழைந்துவிட்டது. மகாலிங்கம் தப்பித்தார். மகரக்கட்டைத் தாண்டி 1945-இல் ‘ஸ்ரீ வள்ளி’யில் கதாநாயகனாகத் திரும்பி வந்தார். எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை.

பிறகு எல்லாமே மாறியது. 1960-இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் குழந்தை கமல்ஹாசன் வாயசைக்க, பாடியது எம்.எஸ். ராஜேஸ்வரி. குழந்தைக் குரல் என்று தமிழ் சினிமாவில் நாம் கேட்டு வளர்ந்ததில் பாதி, அந்த ஒரே பெண்மணியின் தொண்டை. கூர்ந்து பார்த்தால், குழந்தை நடிகர் தன் சொந்தத் தொண்டையால் சம்பாதித்த காலம் என்பது 1931-க்கும் நாற்பதுகளின் நடுவுக்கும் இடையில் உள்ள ஒரு சின்ன இடுக்கு. சரோஜாவின் மூன்று படமும் அதற்குள் வந்துவிடுகின்றன.

சேலத்தில் பிறந்த மலையாளம்

இந்தக் கதையில் மலையாளத்துக்குப் பெரிய இடம் உண்டு. மலையாளத்தின் முதல் பேசும் படம் ‘பாலன்’, 1938 ஜனவரி. எடுத்தது கேரளத்தில் இல்லை; வாளையார் தாண்டி, கோயமுத்தூர் தாண்டி, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில். தயாரித்தவர் டி.ஆர். சுந்தரம். இயக்கிய எஸ். நொட்டாணிக்கு மலையாளம் தாய்மொழி இல்லை. மலையாள வசனம் எழுதியது முதுகுளம் ராகவன் பிள்ளை. ஆலப்புழையில் உதயா ஸ்டுடியோ வருவது 1947-இல். அதுவரை மலையாளப் படம் என்றால் தமிழ்நாட்டு ஸ்டுடியோ, தமிழ் லைட் பாய், தமிழ்ச் சாப்பாடு. இன்று வாளையார் செக்போஸ்ட் வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். பாலக்காடே மதராஸ் மாகாணமாக இருந்த நாளில் இந்த எல்லைக் கோட்டுக்கு இன்றைய கனம் கிடையாது. எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதன் நடிக்கும் ஆசையோடு தமிழ்நாட்டுப் பக்கம் போனதும், கோயமுத்தூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுபிடி வேலை பார்த்ததும் அந்தக் காலத்தில்தான்.

‘பாலன்’ கதையே இரண்டு குழந்தைகளின் கதை. தாயில்லாத அண்ணன் தங்கை, சிற்றன்னையின் கொடுமை, கடைசியில் தங்கைக்காக அண்ணன் உயிரைக் கொடுக்கிறான். வளர்ந்த வேடங்களில் கே.கே. அரூரும் எம்.கே. கமலமும். நடிகர் பட்டியலில் மாஸ்டர் மதனகோபால் என்ற பெயரும் இருக்கிறது. மலையாளப் படத்தில் பேசிய முதல் குழந்தைக் குரல்களில் ஒன்று அவருடையது. அந்தக் குரலை இனி யாரும் கேட்க முடியாது. ‘பாலன்’ படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஞ்சியது சில ஃபோட்டோக்களும் பாட்டுப் புத்தகமும். ‘தியாகபூமி’ அந்த விஷயத்தில் அதிர்ஷ்டக்காரப் படம். பிரிட்டிஷ்காரன் தடை செய்த படம் இன்று பூனா திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. சரோஜாவின் எட்டு வயதுக் குரலும் அதோடு இருக்கிறது.

பாவமா, பாக்கியமா?

பழைய குழந்தை நட்சத்திரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே ராகத்தில்தான் பாடுகிறார்கள். ‘உச்சத்தில் இருந்தார், மறக்கப்பட்டார், ஐயோ பாவம்.’ சரோஜா விஷயத்தில் எனக்கு அந்த ராகம் ஒட்டவே இல்லை. ஐந்து வயதில் தொடங்கி பத்து வயதில் முடித்தார். பிறகு சரோஜா ராமாமிருதமாக வாழ்ந்து 2019-இல் சென்னையில் எண்பத்தெட்டாவது வயதில் காலமானார். சினிமா அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஐந்து வருஷம். மிச்சம் எழுபத்தெட்டு வருஷம் அவருடையதாகவே இருந்தது.

ஹாலிவுட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1921-இல் சாப்ளினோடு ‘தி கிட்’ படத்தில் நடித்த ஜாக்கி கூகன் லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தார். வளர்ந்து பெரியவனாகிப் பணத்தைக் கேட்டால், அம்மாவும் மாற்றாந்தந்தையும் கையை விரித்தார்கள். 1938-இல் பெற்ற தாய்மீதே வழக்குப் போட்டார். கைக்கு வந்தது சுமார் 1,26,000 டாலர். அந்தக் கூத்தைப் பார்த்துத்தான் 1939-இல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கச் சட்டம் வந்தது. ஷெர்லி டெம்பிள் இருபத்திரண்டு வயதில் சினிமாவை விட்டு விலகும்போது, சம்பாதித்த முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட டாலரில் அவர் பெயரில் மிஞ்சியிருந்தது ஏறக்குறைய 44,000. அவரைப் போலவே நம் சரோஜா என்று எழுதினார்களே, அந்த ஒப்பீடு இந்த இடத்தில் பொருந்தாமல் போனதற்குச் சந்தோஷப்பட வேண்டும்.

வித்தியாசம் எங்கே? சரோஜாவின் வீட்டில் உலை வைக்க சரோஜாவின் சம்பளம் தேவைப்படவில்லை. அதனால் போதும் என்று நிறுத்த முடிந்தது. சத்தியபாமா அம்மாளால் அப்படி நிறுத்த முடியவில்லை. மகரக்கட்டு வந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட பையன்களின் அப்பன்மாராலும் முடியவில்லை. இரண்டு வகைக் குழந்தைகளும் ஒரே மாதிரி நெட்டுருப் போட்டார்கள், ஒரே மாதிரி மைக் முன்னால் நின்றார்கள். ஒருத்திக்கு அது குழந்தைப் பருவத்தில் நடந்த ஒரு விசேஷம். இன்னொருவனுக்கு அது பிழைப்பு. சினிமா வாழ்க்கை குறுகியதா நீண்டதா என்று கணக்குப் பார்ப்பதைவிட, முடிக்கிற உரிமை யார் கையில் இருந்தது என்று கேட்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

மூணாறு ரீல்ஸ்

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்? என் சித்தப்பா குடும்பம் மூணாறு எஸ்டேட்டில் இருக்கிறது. போன தடவை போனபோது தொழிலாளர் லயத்து முற்றத்தில் ஒரு ஆறு வயதுப் பாப்பா கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். அப்பன் போனைப் பிடித்துக்கொண்டு, “சாமி, ஒரே ஒரு தடவை, சிரிச்சுக்கிட்டே திரும்பு” என்கிறான். பாட்டு போனிலிருந்தே வருகிறது, வாயசைத்தால் போதும். மௌனப் படக் காலத்து டைரக்டர் மறுபடி வந்துவிட்டார். ஷூட்டிங்குக்கு நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆயிரக்கணக்கில் லைக் வருகிறதாம். ஏதோ ஒரு ஜவுளிக்கடைக்காரர் துணி கொடுத்தாராம். நாளைக்குப் பணமும் கொடுப்பார்.

தப்பென்று சொல்ல வரவில்லை. பாப்பா சந்தோஷமாகத்தான் ஆடினாள். ஆனால் பணம் வரத் தொடங்கினால் பெற்றவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சட்டம் நம் நாட்டிலும் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தினார்கள், 2017-இல் விதிகள் வந்தன. சினிமா, டிவி, விளம்பரம் எதுவானாலும், குழந்தையை நடிக்கவைக்க மாவட்ட ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. படிப்பு கெடக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் வங்கி வைப்பில் போக வேண்டும். கூகன் அழுது வாங்கிய சட்டம் சுற்றிச் சுற்றி நம்மூருக்கு வர எண்பது வருஷம் பிடித்திருக்கிறது.

பாப்பாவின் அப்பனிடம் நான் இவ்வளவும் பேசவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொன்னேன்: “தம்பி, பாப்பா வேண்டாங்கற அன்னைக்கு நிறுத்திரு.” “அதெல்லாம் நிறுத்திருவேண்ணே” என்றான். செய்வான் என்று நம்புகிறேன்.

இனி ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் அணா கணக்கில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். கதைச் சுருக்கம், பாட்டு வரிகள், நடிகர் பெயர் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ‘பாலன்’ போன்ற படங்களில் யார் எந்த வேடம் போட்டார்கள் என்பதற்கு இன்று அந்தப் புத்தகங்களை விட்டால் பெரிய ஆதாரம் இல்லை. பாலக்காடு, சித்தூர், பொள்ளாச்சி, அந்தப் பக்கம் குமுளி, கம்பம், போடி வீடுகளின் பரணில் தாத்தா பெட்டி எதையாவது பிரிக்கிறீர்கள் என்றால், பழைய பேப்பர்க்காரருக்கு எடைக்குப் போடும் முன் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். 1930-களின் பாட்டுப் புத்தகம் கிடைத்தால் அட்டையையும் நடிகர் பட்டியல் உள்ள பக்கத்தையும் போனில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். மாஸ்டர், பேபி, குமாரி என்று தொடங்கும் பெயர்களை எல்லாம் ஒரு பட்டியலாகத் தொகுத்து அடுத்த பதிவில் போடலாம் என்றிருக்கிறேன்.